உள்ளுக்குள்ளும் ‘மக்களே’ என்று கூப்பிடலாம்

குளத்துப் படியில் பிள்ளை வழுக்கி விழுந்தால் குமரி மாவட்டத்து வீடுகளில் முதலில் வருகிற சொல் ‘மக்களே’. “ஒண்ணும் இல்ல மக்களே, பைய எழும்பு” என்பார்கள். அதே படியில் பெரியவர் வழுக்கினால் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது வேறு: “சவமே, கண்ணு தெரியல்லியா?” வழுக்கியது ஒரே படி, வலியும் ஒன்றுதான். பிள்ளை அழுது முடித்துவிட்டு மறுபடி படியில் இறங்குகிறது. பெரியவர் சாயங்காலம் வரை அந்த வழுக்கலையே நினைத்துக்கொண்டு இருக்கிறார்.

தேர்வில் மதிப்பெண் குறைந்த அன்றும், நாலு நாள் நடைப்பயிற்சி விட்டுப்போன அன்றும், கடையில் கணக்கு தப்பிய அன்றும் உள்ளே பேசுகிற குரல் பெரும்பாலும் இந்த இரண்டாவது குரல்தான். அதை முதலாவது குரலுக்கு மாற்றுவது பயிற்சியால் முடிகிற காரியம். வழி தெரியாமல் செய்தால் பாதியில் நின்றுபோகும், சில நேரம் எதிர்மாறாகவும் போகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு நம்பிக்கையைத் தாண்டவேண்டும். “திட்டினாத்தான் சொணை (ரோசம்) வரும், சொணை வந்தாத்தான் உருப்படுவான்” என்பது நம் ஊரில் வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு. தன்னைத் திட்டிக்கொள்வதை விட்டால் சோம்பேறி ஆகிவிடுவோமோ என்ற பயம் இதிலிருந்துதான் வருகிறது. ஆனால் திட்டிய அடுத்த பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெளியிலிருந்து யாராவது அடிக்க வந்தால் உடம்பு என்ன செய்யுமோ அதையே உள்ளே இருந்து வரும் வசவுக்கும் செய்கிறது. நெஞ்சு படபடக்கிறது, தோள் இறுகுகிறது, கவனம் குறுகிவிடுகிறது. அந்த நிலையில் மனசு தேடுவது தப்பிக்க ஒரு வழி. பயம் தருகிற பொருளாக எதிரில் இருப்பது புத்தகம் என்றால் புத்தகம் மூடப்படும், போன் திறக்கும். சோம்பேறித்தனம் என்று நாம் பெயர் வைப்பதில் நல்ல பங்கு இந்தப் பயந்த ஓட்டம்தான். பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் பால் கில்பர்ட் தன் சிகிச்சை முறையை இந்த அடிப்படையில்தான் அமைத்தார்: மனசில் அச்சத்துக்கு ஓர் இயக்கம், நாட்டத்துக்கு ஒன்று, ஆறுதலுக்கு ஒன்று. அச்சம் மட்டும் ஓயாமல் ஓடினால் மற்ற இரண்டும் ஓய்ந்துபோகின்றன.

ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன. 2010இல் வெளியான ஓர் ஆய்வில் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 119 முதலாண்டு மாணவர்களைக் கவனித்தார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்குத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். 2012இல் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில் கடினமான சொல்லறிவுத் தேர்வு ஒன்றில் தடுமாறியவர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். தவறைக் குறித்துத் தம்மிடம் பரிவோடு இருக்கச் சொல்லப்பட்டவர்கள், அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். பரிவு அவர்களைப் புத்தகத்தின் பக்கமே கொண்டுபோயிருக்கிறது.

குலசேகரம், அருமனை பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்டையின் உட்பக்கம் போகப் போகப் பால் அதிகம், அதனால் கத்தி உள்ளே போகத்தான் ஆசைப்படும். ஆனாலும் தடியை ஒட்டிய மெல்லிய வளர்படலத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் விட்டு நிறுத்தியாகவேண்டும். தாண்டி வெட்டினால் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல் பால் கிடைக்கலாம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் சீராகக் கத்தி ஓடாது. ஓய்வு விடாமல் வெட்டிக்கொண்டே இருந்தால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். தேர்வுக்கு முந்தின வாரம் தன்னைத் திட்டித் திட்டி ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்தவர், தேர்வு முடிந்ததும் அந்தப் பாடத்தைத் தொடவே கூசுவது இப்படிப்பட்ட காயம்தான்.

தொடங்குவது ஒரு சின்ன நோட்டில். சட்டைப்பையிலோ கைப்பையிலோ அடங்கும் அளவு போதும். மூன்று நாளைக்கு எதையும் மாற்ற முயலாமல் எழுத மட்டும் செய்யுங்கள். பக்கத்தை நான்காகக் கோடு போட்டு, முதலில் நேரம், இரண்டாவதாக நடந்தது, மூன்றாவதாக உள்ளே ஓடிய வார்த்தை, நான்காவதாக அடுத்த பத்து நிமிடம் செய்தது என்று எழுதலாம். மூன்றாவதில் வார்த்தையை அப்படியே போடவேண்டும். “என்னைக் குறை சொன்னேன்” என்று எழுதினால் பயன் இல்லை. “நீ எதுக்குக் கொள்ளும்?”, “ஒனக்கு ஒண்ணும் வராது”, “அவ பிள்ளை வெளிநாட்டுக்குப் போயாச்சு, நீ இருந்து நோட்டம் பாரு” என்று காதில் விழுந்தபடி எழுதுங்கள். எழுதும்போதே பலருக்கு ஒன்று பிடிபடும்: இது என் குரல் இல்லை, யாரோ ஒரு வாத்தியாரின் குரல், இல்லையென்றால் ஒரு மாமாவின் குரல். யாருடைய குரல் என்று தெரிந்துவிட்டால் அதன் கனம் பாதி குறையும்.

நான்காவது கட்டம்தான் முக்கியம். மூன்று நாளில் எட்டுப் பத்துப் பதிவு சேரும். அவற்றை வரிசையாகப் படித்தால், திட்டிய பிறகு வேலைக்குத் திரும்பிய நேரங்கள் எத்தனை, போனுக்கும் படுக்கைக்கும் போன நேரங்கள் எத்தனை என்று சொந்தக் கணக்கே சொல்லும். பிறர் சொல்லும் எந்த அறிவுரையைவிடவும் இந்தக் கணக்கு நம்பவைக்கும். எட்டில் ஆறு தடவை திட்டியதும் எழுந்து வேலை செய்திருக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு இந்த மாற்றம் இப்போது அவசரம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

நான்காம் நாள் முதல் வார்த்தையை மாற்றலாம். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். “நான் வல்லவன், என்னால் எல்லாம் முடியும்” என்று கண்ணாடி முன் நின்று சொல்லத் தொடங்குவார்கள். உள்ளே இருக்கிற குரல் உடனே “எங்கே, காட்டு பாக்கலாம்” என்று எதிர்வாதம் செய்யும். 2009இல் ஜோஆன் வுட்டும் உடன் இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், தம்மைப் பற்றித் தாழ்வாக எண்ணுகிறவர்கள் “நான் அன்புக்குரியவன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது முன்பைவிட மோசமாக உணர்ந்தார்கள். மனசு நம்பாத புகழ்ச்சி வேண்டாம். வசவுக்குப் பதில் வரவேண்டியது சரியான தகவல்.

குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்வோம். 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். தமிழில் 100, பொது அறிவில் 75, கணக்கும் அறிவுக்கூர்மையும் சேர்ந்து 25. மாதிரித் தேர்வில் 128 சரியாக வந்திருக்கிறது என்று வையுங்கள். உள்குரல்: “இந்த வருசமும் போச்சு, மண்டையில ஒண்ணும் இல்ல.” தகவல்: “தப்பியது 72. தமிழில் 21, பொது அறிவில் 37, கணக்கில் 14. கணக்கில் தப்பிய 14இல் 5 கூட்டுவட்டி.” முதல் வாக்கியத்தைக் கேட்டு எதுவும் செய்ய முடியாது, மண்டையை மாற்ற ஒரு கடையும் இல்லை. இரண்டாவதைக் கேட்டால் இன்று ராத்திரி என்ன செய்யவேண்டும் என்று தெரிகிறது. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், ஆக அந்த ஐந்து கணக்கு ஏழரை மதிப்பெண்.

செவிலியர் வேலைக்காக ஜெர்மன் படிக்கும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறைய. கோத்தே நிறுவனத்தின் பி1 நிலைத் தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். கேட்டலில் மட்டும் 54 வந்தால் “நான் ஃபெயில், எனக்கு மொழியே வராது” என்று மனசு சொல்லும். உண்மையில் மூன்று பகுதி தேறியிருக்கிறது, ஒன்றில் 6 குறைந்திருக்கிறது, அந்த ஒன்றை மட்டும் மறுபடி எழுதலாம். மொழி வராதவளுக்கு எழுதுதலில் தேர்ச்சி எப்படி வரும்? தேவைப்படுவது காதுக்குப் பயிற்சி: தினம் 20 நிமிடம் ஒரே ஒலிப்பதிவை மூன்று தடவை கேட்பது, மூன்றாவது தடவை எழுத்தைப் பார்த்துக்கொண்டு.

மாற்றி எழுதும்போது இரண்டைக் கவனித்தால் போதும். ஆளைச் சொல்லும் பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டுச் செய்ததைச் சொல்லும் வினைச்சொல்லை வைக்கவேண்டும். ‘மக்கு’, ‘மடியன்’ இவை போய், ‘வட்டி வீதத்தை மாத்திப் போட்டேன்’, ‘காலையில அஞ்சரைக்கு எழும்பல்ல’ வரவேண்டும். ‘எப்பவும்’, ‘ஒருநாளும்’, ‘ஒண்ணுக்கும்’ என்கிற சொற்களை அடித்துவிட்டு எண்ணிக்கையைப் போடவேண்டும். தப்பை மறைக்கவும் கூடாது, பெருக்கவும் கூடாது.

அடுத்தது கூப்பிடும் சொல். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றமான நேரத்தில் ‘நான்’ என்று பேசிக்கொண்டவர்களைவிடத் தம் பெயரைச் சொல்லியோ ‘நீ’ என்றோ பேசிக்கொண்டவர்கள் நிதானமாக இருந்தார்கள். தமிழில் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பது என் எண்ணம். நம் வசவு பெரும்பாலும் ஏற்கெனவே ‘நீ’ என்றுதான் வருகிறது: “நீ வெளங்க மாட்டே.” விலகி நின்று பார்ப்பதோடு கூப்பிடும் முறையும் மாறவேண்டும். நம்மிடம் அதற்கு ஆயத்தமாகச் சொல் இருக்கிறது. மக்களே, மக்கா, பிள்ளே, வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர் — எது சின்ன வயதில் அணைப்போடு கேட்டதோ அது. யாரும் அப்படிக் கூப்பிடாத வீட்டில் வளர்ந்தவர்கள், நீங்கள் உங்கள் பிள்ளையையோ தங்கையையோ கூப்பிடும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தமிழில் சொல்லாதீர்கள். “கவலைப்படாதே, நீ மீண்டு வருவாய்” என்பது வானொலி அறிவிப்பு மாதிரி இருக்கும். “போட்டு மக்களே, பைய நோக்கலாம்” (போகட்டும், மெல்லப் பார்க்கலாம்) என்றால்தான் உள்ளே இறங்கும்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நெஃப் 2003 முதல் எழுதிவரும் தன்பரிவுக்கு மூன்று கூறுகள்: தன்னிடம் கனிவு, இது எனக்கு மட்டும் வந்தது இல்லை என்ற உணர்வு, வலியை மிகைப்படுத்தாமல் உள்ளபடி பார்ப்பது. மூன்றையும் இரண்டு வாக்கியத்தில் அடக்கி, மூன்றாவது வாக்கியத்தில் அடுத்த வேலையைக் கேட்டுக்கொள்ளலாம். “மக்களே, 128தான் வந்திருக்கு, கஷ்டமாத்தான் இருக்கு.” “இந்த ஹாலில எழுதின பலருக்கும் இன்னைக்கு இப்படித்தான் இருக்கும்.” “இப்போ கூட்டுவட்டி அஞ்சு கணக்கு மட்டும் போட முடியுமா?” முதல் வாக்கியத்துக்கு முன் ஐந்து மூச்சு: நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது. எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடத்துக்குமேல் ஆகாது. பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தும் செய்யலாம், வாய் அசைய வேண்டியது இல்லை.

மூன்றாவது வாக்கியம் கேள்வியாக இருப்பதைக் கவனியுங்கள். “போடுவேன்” என்று சூளுரைப்பதைவிட “போடுவேனா?” என்று கேட்டுக்கொண்டவர்கள் சொற்புதிர்களை அதிகம் விடுவித்ததாக 2010இல் ஓர் ஆய்வு வந்தது. கேள்வி கேட்டால் மனசு தானே காரணம் தேடிப் பதில் சொல்லும். கட்டளை போட்டால் முரண்டுபிடிக்கும். கேட்கும் வேலை பத்து நிமிடத்தில் முடியக்கூடியதாக இருக்கவேண்டும். ஐந்து கணக்கு, ஒரு பக்கம், வீட்டு நடையிலிருந்து முக்கு வரை நடை. நேரமும் இடமும் சேர்ந்தால் இன்னும் நல்லது: விளக்கு கொளுத்தி முடிந்ததும், அல்லது குடும்ப ஜெபம் முடிந்ததும், சாப்பாட்டு மேசையில். எந்த வீட்டிலும் அந்தி நேரத்துக்கு ஏற்கெனவே ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதன் வாலில் கட்டிவிட்டால் தனியாக நினைவில் வைக்கவேண்டியது இல்லை.

விட்டுப்போன நாட்களைப் பற்றி. சர்க்கரை உள்ளவர் ஒரு கல்யாணத்தில் போளியைப் பால் பாயசத்தில் பிசைந்து சாப்பிட்டுவிடுகிறார். “கெட்டது கெட்டாச்சு, இனி என்ன” என்ற எண்ணத்தில் ராத்திரி புரோட்டாவும் உள்ளே போகிறது. அளவை உடைத்தது போளி என்றாலும், அந்த உடைப்பைப் பெரிதாக்கியது அந்த எண்ணம். 2007இல் கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி இருவரும் உணவுக்கட்டுப்பாட்டில் இருந்த மாணவிகளுக்கு டோனட் கொடுத்துப் பார்த்தார்கள். “எல்லாரும் சில நேரம் இப்படிச் சாப்பிடத்தான் செய்கிறோம், தன்னை வதைக்கவேண்டாம்” என்று கேட்டவர்கள், அதன்பின் வைத்த மிட்டாயைக் குறைவாகவே எடுத்தார்கள். ஆகவே கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது சொல்லவேண்டியது: “ஒரு போளி தின்னாச்சு மக்களே, கொள்ளாம் இருந்தது. ராத்திரிக்கு வழக்கம்போல உள்ளது.” மாத்திரையையும் தானாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, அது மருத்துவரின் வேலை.

நடை, படிப்பு எதுவானாலும் விட்டுப்போனதைக் கடனாகச் சேர்க்காதீர்கள். நாலு நாள் விட்டதற்கு ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் என்று போடுவது திட்டம் போலத் தெரியும், உண்மையில் அது தண்டனை. சனிக்கிழமை ராத்திரியே பயம் வரும், ஞாயிறும் போகும். திரும்பும் முதல் இரண்டு நாள் வழக்கத்தில் பாதி, மூன்றாம் நாள் முழு அளவு. இதை முன்கூட்டியே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டால், விட்டுப்போன அன்று யோசிக்கவே வேண்டியது இல்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் நம் ஊரில் காலை நடை பலருக்கும் நின்றுபோகும். அது உங்கள் குணக்குறை இல்லை. வீட்டுக்குள் பதினைந்து நிமிட மாற்று ஒன்றை மே மாதத்திலேயே முடிவு செய்துவைக்கலாம்.

இந்தப் பழக்கம் எங்கெங்கே கெட்டுப்போகிறது என்பதையும் சொல்லவேண்டும். அதிகம் நடப்பது, கனிவு சாக்காக மாறுவது. “பரவாயில்ல மக்களே, நாளைக்குப் பாக்கலாம்” என்று முடிந்தால் அது சாக்கு. “பரவாயில்ல மக்களே, இப்போ அஞ்சு கணக்கு” என்று முடிந்தால் கனிவு. வாக்கியத்தின் கடைசியில் நேரமும் வேலையும் இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையிலேயே களைப்பு என்றால் அந்த வேலை தூக்கமாகவும் இருக்கலாம், ஆனால் அதையும் பெயர் சொல்லித் தீர்மானிக்கவேண்டும்: “இப்போ உறங்கு, காலையில அஞ்சரைக்கு.” அடுத்தவருக்குத் தீங்கு செய்த இடத்தில் தன்னை மன்னிப்பது மட்டும் போதாது. மூன்றாவது வாக்கியம் அவரிடம் போய்ச் சொல்வதாகவோ, வாங்கியதைத் திருப்பிக்கொடுப்பதாகவோ இருக்கவேண்டும்.

இன்னொன்று எதிர்பாராமல் வருவது. சின்ன வயதில் அடியும் வசவும் மட்டுமே கண்டவர்களுக்கு, உள்ளே ‘மக்களே’ என்று சொன்ன உடனே தொண்டை அடைக்கும், அழுகை வரும், சிலருக்குக் கோபம்கூட வரும். கிடைக்காமல் போனது அப்போதுதான் தெரிகிறது. தப்பாகச் செய்துவிட்டோம் என்று நினைக்கவேண்டாம். அன்றைக்கு அங்கேயே நிறுத்தி, காலைத் தரையில் ஊன்றி, எதிரில் தெரியும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடியுங்கள். அடுத்த சில நாட்களுக்குத் தகவல் வாக்கியம் மட்டும் போதும், கூப்பிடும் சொல்லைப் பிறகு சேர்க்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனச்சோர்வு, உறக்கமோ பசியோ கெட்டிருப்பது, எதிலும் விருப்பம் இல்லாதது என்றால் இது உள்பேச்சால் மட்டும் சரிசெய்கிற விஷயம் இல்லை. தைராய்டு குறைவும் இரத்தசோகையும்கூட இப்படித் தெரியலாம், அதனால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் காத்திருக்கக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் உள்பேச்சு வெளியில் கேட்ட பேச்சிலிருந்துதான் உருவாகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி சொல்லி 90 வருடத்துக்கு மேல் ஆகிறது. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டோடு தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடத்தில் இருந்த மாவட்டம் நம்முடையது. அந்தப் பெருமையின் பாரம் மே மாதம் மதிப்பெண் வரும் நாளில் பிள்ளைகள் தலையில்தான் இறங்குகிறது. அன்று முதலில் கேட்கவேண்டியது “பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு?” என்பது இல்லை. “சாப்பிட்டியா மக்களே?” என்று கேளுங்கள். மதிப்பெண் பேச்சு மறுநாள், பாடம் பாடமாக, மேலே சொன்ன அதே தகவல் வாக்கியத்தில். நீங்கள் அன்று பேசுகிற தொனியிலேயே அந்தப் பிள்ளை 30 வயதில் தன்னிடம் பேசும்.

எத்தனை நாளில் படியும்? லண்டனில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு புதுச் செயல் பழக்கமாக ஆனதற்கு நடுத்தரமாக 66 நாள் பிடித்தது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பு எதையும் செய்யவில்லை. அதனால் ‘சவமே’ என்பது நின்றுவிட்டதா என்று தினமும் பார்க்காதீர்கள், அது சீக்கிரம் நிற்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நோட்டை எடுத்து நான்காவது கட்டத்தை மட்டும் பாருங்கள். திட்டிய நேரத்துக்கும் மறுபடி புத்தகத்தைத் தொட்ட நேரத்துக்கும் இடையில் முதல் வாரம் இரண்டு மணி நேரம் இருந்திருக்கும். அது முக்கால் மணி ஆகியிருந்தால் அந்தத் தேதியின் பக்கத்தில் ‘கொள்ளாம்’ (நன்றாக இருக்கிறது) என்று எழுதிவிட்டு, அன்றைய ஐந்து கணக்கைத் தொடங்கலாம்.